இருநூற்று நாற்பது கர்ப்பிணிகள்

"ஓடலை," என்றான் ரோதெல்.

"எது ஓடலை?" பக்கத்து மேஜை ஜெர்வின் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"டெஸ்ட். ஒண்ணுகூட ஓடலை. நேத்து சாயங்காலம் சமத்தா ஓடுச்சு. இன்னிக்கு எழுந்திரிக்கவே மாட்டேங்குது."

திரையில் மூன்று வரிகள் இருந்தன. ஓடிய சோதனைகள்: 0. வென்றவை: 0. தோற்றவை: 0.

பின்னாலிருந்து மேம் மாரிவிக் எட்டிப் பார்த்தார். அவர்தான் முதலாளி. இலோய்லோ ஊர்க்காரர்கள் திட்டினாலும் தாலாட்டு மாதிரிதான் கேட்கும் என்பார்கள். மேம் மாரிவிக் திட்டினால் தூக்கமே வந்துவிடும். அவர் கடைசி வரியை விரலால் தொட்டார்.

"தோத்தது சைபர். அப்ப நல்லதுதானே, தோத்தோ?" அவர் ஊர்ப் பேச்சில் தோத்தோ என்றால் தம்பி.

"ஜெயிச்சதும் சைபர், மேம்."

"நீ எப்பவும் குறையத்தான் முதல்ல பார்ப்ப."

குறையைப் பார்ப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். ரோதெல் பல்மாரெஸுக்கு முப்பத்தாறு வயது. ஒன்பது வருடமாக அதே மூன்றாம் மாடியில், அதே அடகுக்கடைக்கு மேலே, பிறர் எழுதிய இணையதளங்களில் ஓட்டை தேடுகிற உத்தியோகம். ஓட்டையைக் கையால் தேடினால் மாதக்கணக்காகும் என்பதால், தானே இயங்கும் சோதனைகளை எழுதி வைத்திருந்தான். பொத்தானை அமுக்கினால் போதும். கம்ப்யூட்டர் தானாகவே பிரவுசரைத் திறக்கும், தளத்துக்குள் போகும், கண்ணுக்குத் தெரியாத ஒரு கை படிவங்களில் பெயர், வயது, ஊர் எல்லாம் நிரப்பி அனுப்பும். சரியாக நடந்தால் பச்சை, தப்பாக நடந்தால் சிவப்பு. இன்றைக்குப் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. செத்த மீனின் கண் மாதிரி ஒரு சாம்பல் நிறம்.

"மத்தியானத்துக்குள்ள ரிப்போர்ட் வேணும்," என்றார் மேம் மாரிவிக். "டம்புலான் நகராட்சில நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு அரிசி குடுக்கறாங்க. நம்ம ரிப்போர்ட் இல்லாம தளத்த ஒப்படைக்க முடியாது. எல்லாம் பச்சையா இருக்கணும்."

புயல் அடித்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. வடக்கே மூன்று மணி நேரத் தூரத்தில் இருந்த டம்புலானில் பாதிக் கூரைகள் இல்லை. குடும்பத்துக்குப் பத்துக் கிலோ அரிசி, ஆறு டின் மீன். மொத்தம் ஆயிரத்து இருநூறு மூட்டை. ஊழல் நடக்கக் கூடாது, எல்லாம் கம்ப்யூட்டரில் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்று மேயர் சொல்லிவிட்டார். ஆகவே பதிவு இணையதளம் வழியாக மட்டும். தளம் முந்தின நாளே திறந்துவிட்டது. சோதனை ரிப்போர்ட் வராமலே திறந்துவிட்டது. புயல் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்ததா என்ன?

ரோதெல் முதல் குற்றவாளியை அரை மணி நேரத்தில் பிடித்தான். பிரவுசர் தானாகவே புதுப்பித்துக்கொண்டு புது ஆளாகிவிட்டது. சோதனைக் கருவிக்கு அதை அடையாளம் தெரியவில்லை. கருவியையும் புதுப்பித்தான். இப்போது பிரவுசர் திறந்தது. வெள்ளைப் பக்கம் வந்தது. வெள்ளையாகவே நின்றது.

"ஜெர்வின், சோதனைத் தளம் ஏன் வரலை?"

அசல் தளத்தைத் தொடாமல் இருக்க, அதே மாதிரி ஒரு நகல் தளம் தனியாக ஒரு சர்வரில் வைத்திருந்தார்கள். சோதனையெல்லாம் அதில்தான்.

"அந்த சர்வரையா கேக்கற?" ஜெர்வின் தலையைச் சொறிந்தான். "மேம்கிட்ட கேளு, மிகோ." மிகோ என்றால் நண்பன்.

மேம் மாரிவிக் கொஞ்சமும் தயங்கவில்லை.

"அதுவா? மாசா மாசம் வாடகை கட்டறோம், ஒரு ஜனம் அதுக்குள்ள வந்து போறதில்ல. வெட்டியாத்தானே கிடக்குதுன்னு நேத்து ராத்திரி நிறுத்தச் சொல்லிட்டேன்."

"ஜனம் வரக்கூடாதுங்கறதுக்காகத்தான் மேம் அதை வச்சிருந்தோம்."

"பாத்தியா, நீயே சொல்ற."

மணி பத்தே முக்கால். நகல் தளத்தை மறுபடி எழுப்ப ஒரு முழு நாள் ஆகும். ரோதெல் ஜெர்வினிடம் திரும்பி வந்தான்.

"வேற எங்கயாச்சும் தளம் ஓடுதா? அட்ரஸ் குடு."

"தளத்தோட அட்ரஸா?"

"ஆமா, சீக்கிரம்."

ஜெர்வின் வாயில் பாதி ரொட்டியும் காதில் பாட்டுமாக ஒரு முகவரியை அனுப்பினான். ரோதெல் அதைப் படிக்கவில்லை. எடுத்து ஒட்டினான், அவ்வளவுதான். ஒன்பது வருடத்தில் அவன் படிக்காமல் ஒட்டியது அந்த ஒரு வரிதான் என்று பிற்பாடு பைபிள் மேல் கைவைத்துச் சொல்லத் தயாராக இருந்தான். யாரும் கேட்கவில்லை.

பொத்தானை அமுக்கினான். பக்கம் வந்தது! கண்ணுக்குத் தெரியாத கை முதல் பெயரை நிரப்பியது, முதல் ஊரை நிரப்பியது, அனுப்பப் போனது. குறுக்கே ஒரு கட்டம் வந்து நின்றது: 'நீங்கள் மனிதர்தானா? போக்குவரத்து விளக்கு உள்ள படங்களைத் தொடவும்.'

கண்ணுக்குத் தெரியாத கை மனிதக் கை இல்லை. அது உண்மையை ஒப்புக்கொண்டு அப்படியே நின்றது.

"இந்த மனுஷனாங்கற கேள்வி முன்னாடி இல்லையே?"

"நகராட்சி கேட்டாங்க, போட்டேன்," என்றான் ஜெர்வின். "கள்ளப் பதிவு வரக்கூடாதாம்."

"ஒரு மணி நேரத்துக்கு எடுத்துடு. டெஸ்ட் ஓடி முடிஞ்சதும் போட்டுக்கலாம்."

ஜெர்வின் எடுத்தான். கேட்டால் செய்கிற பையன். எதற்கு என்று கேட்டிருந்தால் அவன் ஜெர்வின் இல்லை.

பதினொன்றரைக்குச் சோதனை ஓட ஆரம்பித்தது. ரோதெல் நாற்காலியில் சாய்ந்து பார்த்தான். ஒன்று பச்சை. இரண்டு பச்சை. பத்து. ஐம்பது. இருநூற்று நாற்பது பேரை அவன் இரண்டு வருடங்களாகக் கற்பனையில் பெற்று வளர்த்திருந்தான். பசி வேளையில் எழுதியதால் சிலருக்கு நூடுல்ஸ் சூப்பின் பெயர்: பட்சோய் தெ லா க்ரூஸ், பட்சோய் ஜூனியர். திங்கட்கிழமை எழுதியதால் ஒருவர் பெயர் திங்கள் செவ்வாய். மிகச் சின்னப் பெயர் வந்தால் தளம் தாங்குமா என்று பார்க்க வெறும் 'ஆ' என்று ஒருவர். மிக நீளப் பெயர் வந்தால் தாங்குமா என்று பார்க்க எண்பது 'ஓ' சேர்ந்து ஒரு மூதாட்டி. எல்லாரும் பச்சையாக உள்ளே போனார்கள்.

இருநூற்று நாற்பதும் பச்சை.

மேம் மாரிவிக் கைதட்டினார். ரிப்போர்ட் அந்த நிமிடமே நகராட்சிக்குப் பறந்தது. "எல்லாருக்கும் இன்னிக்கு என் செலவுல பஞ்சிட்!" என்று அறிவித்தார். ரோதெலின் வாழ்க்கையில் அது ஓர் அரிய மத்தியானம். பாராட்டும் நூடுல்ஸும் சேர்ந்து வந்தன.

முதல் வாய் வைத்தபோது போன் அடித்தது. மனைவி அனலின். மருந்துக்கடையில் கவுன்ட்டரில் நிற்கிற வேளையில் அவள் கூப்பிடவே மாட்டாள்.

"ரோதெல், பட்சோய் தெ லா க்ரூஸ் யாரு?"

அவன் தட்டைக் கீழே வைத்தான்.

"ஏன்?"

"அவருக்கு அரிசி கிடைச்சிருக்காம். வாழ்த்துச் சொல்லி என் போனுக்கு மெசேஜ். அவரு பையன் ஜூனியருக்கும் கிடைச்சிருக்காம். 'ஆ'ன்னு ஒருத்தருக்குக் கிடைச்சிருக்காம். போன் நிக்காம நடுங்கிட்டே இருக்கு, கஸ்டமர் எல்லாம் என்னைப் பாக்கறாங்க. எத்தனை பேருய்யா இவங்க?"

"இருநூத்து நாப்பது," என்றான் ரோதெல்.

சோதனைப் படிவங்களில் ஒரு போன் எண் போட வேண்டியிருந்தது. தன்னுடையதைப் போட்டால் தொல்லை என்று அவளுடையதைப் போட்டிருந்தான். நகல் தளம் யாருக்கும் மெசேஜ் அனுப்பாது. இரண்டு வருடம் அது பிரச்சினையாகவே இல்லை.

அவன் மெல்லத் திரும்பி, காலையில் ஒட்டிய முகவரியை முதல் தடவையாகப் படித்தான்.

"ஜெர்வின். நீ குடுத்தது அசல் தளம்."

"வேற எது இருக்கு? அட்ரஸ் குடுன்னு கேட்ட. குடுத்தேன்."

அசல் தளத்தைத் திறந்தார்கள். நடுவில் பெரிய எழுத்தில் நின்றது: 'இடங்கள் நிரம்பிவிட்டன. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி.' ஆயிரத்து இருநூறு ஆனதும் தானே மூடிக்கொள்ளும்படி எழுதியிருந்தார்கள். தொள்ளாயிரத்து அறுபது குடும்பங்கள் உள்ளே இருந்தபோது இவனுடைய பிள்ளைகள் இருநூற்று நாற்பது பேரும் வரிசையில் வந்து உட்கார்ந்து கதவைச் சாத்திவிட்டார்கள்.

"அழிச்சிடு," என்றான் ரோதெல். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"முடியாது, மிகோ. தளம் நம்ம கையில, பெயர்ப் பட்டியல் அவங்க கையில. ஜனங்களோட விவரத்த நாம தொடக்கூடாதுன்னு சட்டம். சாவி நகராட்சிகிட்ட."

"அப்ப அவங்களே விலகிக்கட்டும்."

"யாரு?"

"பட்சோயும் மத்தவங்களும். ஒவ்வொருத்தரோட பக்கத்திலயும் 'விலகுகிறேன்'னு ஒரு பொத்தான் இருக்குல்ல. மேல இருந்து மூணாவது. அத அமுக்க ஒரு சின்னச் சோதனை எழுதறேன்."

பஞ்சிட் ஆறிக்கொண்டிருந்தது. அவன் எழுதினான். முதலில் ஓடவில்லை, ஓர் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது. இரண்டாவது தடவையும் ஓடவில்லை. பதற்றத்தில் அதையே இரண்டு போட்டிருந்தான். மூன்றாவது தடவை ஓடியது. ஒவ்வொருவராகத் திறந்து மூன்றாவது பொத்தானை அமுக்கியது. இருநூற்று நாற்பதும் பச்சை.

அவன் நெற்றியைத் துடைத்தான். போன் அடித்தது.

"ரோதெல்," என்றாள் அனலின். குரல் மிக அமைதியாக இருந்தது. கல்யாணமாகி எட்டு வருடத்தில் அந்த அமைதியை அவன் இரண்டு தடவைதான் கேட்டிருக்கிறான். "நான் கர்ப்பமாம்."

"என்னது?"

"படிக்கறேன் கேளு. 'அன்புள்ள பட்சோய் தெ லா க்ரூஸ், தாங்கள் கர்ப்பிணி என்பதால் வரிசையில் நிற்க வேண்டாம். காலை ஏழு மணிக்கு முதல் ஆளாக வரவும். தாயும் சேயும் நலமாக இருக்க மேயரின் வாழ்த்துகள்.' இது ஒண்ணு. இன்னும் வந்துட்டே இருக்கு. இங்க கடை முதலாளியம்மா எனக்கு உக்கார ஸ்டூல் போட்டுட்டாங்க."

ஜெர்வின் மெதுவாகத் தொண்டையைச் செருமினான்.

"போன வாரம் நகராட்சில ஒரு புதுப் பொத்தான் கேட்டாங்க. கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை. நல்ல விஷயம்தானேன்னு மேல சேர்த்தேன். அதனால மூணாவது இப்ப அது. 'விலகுகிறேன்' நாலாவது."

"சரி, நாலாவத அமுக்கறேன்."

"முடியாது. கர்ப்பிணிகளோட பேரை யாரும் தவறுதலா நீக்கிடக் கூடாதுன்னு அவங்களுக்கு மட்டும் அந்தப் பொத்தானை எடுத்துட்டோம்." ஜெர்வின் கொஞ்சம் யோசித்துச் சேர்த்தான்: "அத நீதான் டெஸ்ட் பண்ண. பச்சை."

ரோதெல் போனை எடுத்தான். டம்புலான் நகராட்சி. நான்கு பேரிடம் கைமாறி, ஐந்தாவதாக நிவாரணப் பிரிவு அதிகாரி ஒருவர் வந்தார். குரலில் திருவிழா.

"நீங்கதானா அது! மேயர் ரொம்பச் சந்தோஷமா இருக்காரு. ரெண்டாம் நாள் மத்தியானத்துக்குள்ள முழு இலக்கும் பூர்த்தி! மாகாணத்திலேயே நாமதான் முதல்."

"சார், அதுல இருநூத்து நாப்பது பேர நீக்கணும்."

"பட்டியல் அச்சாயிடுச்சு, சார். மேயர் கையெழுத்தும் போட்டாச்சு. இனிமே நீக்கணும்னா அந்தந்த ஆள் நேர்ல வந்து எழுதிக் குடுக்கணும்."

"அவங்க வர முடியாது. அப்படி ஆளே இல்லை."

அதிகாரி மரியாதையாகக் குரலைத் தாழ்த்தினார். "தவறிட்டாங்களா? புயல்லயா? ஐயோ. அப்ப இறப்புச் சான்றிதழ் கொண்டு வாங்க, நீக்கிடலாம்."

"சாகலை சார். அவங்க பொறக்கவே இல்லை."

"பொறந்த சான்றிதழே இல்லாதவங்களுக்கு இறப்புச் சான்றிதழ் எப்படி சார் குடுப்பாங்க?"

"அதத்தான் நானும் சொல்றேன்!"

"அப்ப ரெண்டு பேரும் ஒண்ணத்தான் சொல்றோம்," என்றார் அதிகாரி மகிழ்ச்சியோடு. "நீக்க முடியாது." வைத்துவிட்டார்.

மேம் மாரிவிக்கிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரிப்போர்ட் பச்சைதானே?"

"பச்சைதான் மேம். ஆனா இருநூத்து நாப்பது குடும்பம் வெளியில நிக்குது. நெசமான குடும்பம்."

"டம்புலான் முடிஞ்சா அடுத்தது பக்கத்து ஏழு ஊரு. நேத்துத்தான் பேசினேன்." தாலாட்டு இன்னும் மெதுவானது. "தோத்தோ, இங்க வேலை பாக்க உனக்குப் பிடிச்சிருக்குதானே?"

"பிடிச்சிருக்கு, மேம்."

"எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு. நூடுல்ஸ் ஆறிப்போச்சு பாரு, சாப்பிடு."

அவ்வளவுதான் கூட்டம். ஜெர்வின் மட்டும் அவன் தோளைத் தட்டினான். தன் பங்குக்கு அவனும் கொஞ்சம் வெளிறித்தான் இருந்தான்.

"நிதானமா யோசி, மிகோ. அந்த இருநூத்து நாப்பது பேர்ல யாராவது நாளைக்கு வரப் போறானா? பட்சோய் வருவானா? 'ஆ' வருவானா? யாரும் வரலைன்னா மூட்டை மிஞ்சும். மிஞ்சினத வெளியில நிக்கறவங்களுக்குக் குடுத்துட்டுப் போறாங்க."

ரோதெல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓட்டை தேடிப் பழகிய மூளை. தேடியும் ஓட்டை கிடைக்கவில்லை. இல்லாதவன் வர மாட்டான். வராதவன் மூட்டை மிஞ்சும். அன்றைய நாளிலேயே ஒழுங்காக ஓடிய ஒரே விஷயம் அந்தக் கணக்குத்தான். ஒரு குறைதான்: மிஞ்சும் என்பது வெளியில் நிற்பவர்களுக்குத் தெரியாது. ஏமாந்து வீட்டுக்குப் போய்விட்டால்?

மறுநாள் காலை வயிற்றுவலி என்று மேம் மாரிவிக்குக்குச் செய்தி அனுப்பினான். 'ஓய்வெடு, தோத்தோ' என்று பதில் வந்தது. அவன் வடக்கே போகிற பஸ்ஸில் ஏறினான். அனலின் பெயர்ப் பட்டியலை அச்சடித்து அவன் கையில் திணித்து அனுப்பியிருந்தாள். "என் பிள்ளைங்க எல்லாரையும் எண்ணிப் பாத்துக் கூட்டிட்டு வா," என்றாள். சிரிக்கவில்லை.

டம்புலானை நெருங்க நெருங்கத் தென்னை மரங்களுக்குத் தலை இல்லை. கூரைக்குப் பதில் நீலத் தார்ப்பாய். பத்தரை மணிக்கு இறங்கினான். கூரை போட்ட கூடைப்பந்து மைதானத்தில் விநியோகம். உள்ளே வரிசை ஒழுங்காக நகர்ந்தது. வெளியே கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம் நின்றது. கையில் காலிப் பைகள்.

கதவோரம் நின்ற நடுவயதுப் பெண் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இஸ்திரி போட்ட சட்டை.

"நீங்க நகராட்சியா சார்?"

"இல்லைங்க. நீங்க ஏன் வெளியில நிக்கறீங்க?"

"பட்டியல்ல பேர் இல்லையாம்." கோபமில்லை, பதிமூன்று நாளில் அது தீர்ந்துபோயிருந்தது. அவள் பெயர் நோர்மா. மீன்காரன் மனைவி, படகு போய்விட்டது, புருஷன் இருக்கிறான். "எங்க ஊர்ல கரண்ட் இல்ல சார். போன்ல சார்ஜ் ஏத்த மருமக நாலு கிலோமீட்டர் நடந்து போனா. திரும்பி வந்து, ஒவ்வொரு எழுத்தாப் பாத்துப் பாத்து அடிச்சு, அமுக்கற நேரத்துல வந்துச்சு: 'இடங்கள் நிரம்பிவிட்டன. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி.'"

"எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டு இருக்கும். ஏன் சார்?"

அந்த வாசகத்தில் எழுத்துப்பிழை இல்லாமல் வருகிறதா என்று சோதித்தவன் ரோதெல்தான்.

"ஆர்வம்ங்கறாங்க சார்," என்றாள் நோர்மா. "பசிக்கு இப்ப அப்படி ஒரு பேர் வச்சிருக்காங்க போல."

பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் சிரித்தார். "நீயாவது அமுக்கற வரைக்கும் போன. எனக்கு அது நீ மனுஷனான்னு கேட்டுச்சு. நான் யோசிச்சுட்டு இருக்கறப்பவே மூடிட்டான்."

அப்போதுதான் ரோதெல் அதைச் செய்தான். திட்டம் போட்டுச் செய்யவில்லை, வாய் தானாகத் திறந்துவிட்டது.

"போயிடாதீங்க. யாரும் வீட்டுக்குப் போகாதீங்க. உள்ள இருநூத்து நாப்பது மூட்டை மிஞ்சப் போகுது."

கூட்டம் திரும்பியது.

"எப்படிச் சொல்றீங்க?"

"எனக்குத் தெரியும். பட்டியல்ல இருநூத்து நாப்பது பேர் பொய்ப் பேரு. நான்தான் தப்பா ஏத்திட்டேன். அவங்க வர மாட்டாங்க. வரவே முடியாது. அத்தனையும் உங்களோடது. நான் போய்ச் சொல்றேன்."

அடிப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தான். யாரும் அடிக்கவில்லை. நோர்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். யாரோ எண்ண ஆரம்பித்தார்கள். வெளியே நின்றவர்கள் இருநூற்றுப் பத்துப் பேர். எல்லாருக்கும் போக முப்பது மிஞ்சும் என்று இன்னொருவர் சொன்னார். யாரும் சொல்லாமலே வரிசை நின்றது. பைகளை உதறி விரித்தார்கள். கிழவர் தொப்பியைக் கழற்றி அவனுக்கு வழிவிட்டார். நோர்மா தன் பையிலிருந்து அவித்த வாழைப்பழம் ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"வேணாங்க."

"அவ்ளோ தூரத்துலருந்து வந்திருக்கீங்க. சாப்பிடுங்க சார். எங்களுக்குத்தான் இப்ப அரிசி வருதே."

அவன் அதை வாங்கினான். வாங்காமல் இருக்க முடியவில்லை, தின்னவும் முடியவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே நடந்தான். இரண்டு நாளில் முதல் தடவையாக நெஞ்சு கொஞ்சம் லேசானது. இது சரியாகிவிடும். வேலை போனாலும் போகட்டும், இது சரியாகிவிடும்.

மைதானத்தின் நடுவே ஒரு மேஜை. அதன் பின்னால் கழுத்தில் துண்டு போட்ட பெண்மணி பெரிய பட்டியல் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். மேஜையில் 'பாசிங்' என்று பெயர் அட்டை. பின்னாலிருந்த மேடையைத் தார்ப்பாய் மறைத்திருந்தது. அதன் இடுக்கிலிருந்து ஒருவர் மூட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

"மானாங் பாசிங்," என்றான் ரோதெல். மானாங் என்றால் அக்கா; அக்காவிடம் குற்றத்தை ஒப்புக்கொள்வது அதிகாரியிடம் ஒப்புக்கொள்வதைவிடச் சுலபம். "ஒரு நிமிஷம். ரொம்ப முக்கியம்."

"சொல்லு, தோத்தோ. பேர் இருக்கா?"

"பேர் இருக்கறதுதான் பிரச்சினை."

எல்லாவற்றையும் கொட்டினான். ஓடாத சோதனை, நிறுத்திய சர்வர், படிக்காத முகவரி, மூன்றாவது பொத்தான். மானாங் பாசிங்குக்குப் பாதி புரிந்திருக்காது. ஆனால் துண்டால் விசிறிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவன் பட்டியலை மேஜையில் விரித்தான்.

"பாருங்க, இதெல்லாம் மனுஷங்க பேரே இல்ல. இவரு ஒரு சூப்பு. இவரு ரெண்டு கிழமை. இவங்க பேர்ல எண்பது 'ஓ' இருக்கு. எல்லாம் நான் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து கட்டினது. தப்பு என்னோடது, தண்டனை எனக்கே இருக்கட்டும். கேஸ் போடறதுன்னாலும் போடுங்க. ஆனா இவங்க மூட்டை இருநூத்து நாப்பதும் உள்ளதான் இருக்கும், யாரும் வந்திருக்க முடியாது. வெளியில ஜனங்க நிக்கறாங்க மானாங், நான் வாக்குக் குடுத்துட்டேன். அவங்களுக்குக் குடுத்துடுங்க."

கம்பிக் கதவின் அந்தப் பக்கம் இருநூற்றுப் பத்துப் பேர் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோர்மா கையை உயர்த்தி ஆட்டினாள்.

மானாங் பாசிங் விரலை நாக்கில் தொட்டுத் தன் பட்டியலின் முதல் பக்கத்துக்குத் திருப்பினார். நிதானமாக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அப்புறம் தலையைத் தூக்கி, வெயிலில் வந்து குழம்பிப்போன பிள்ளையைப் பார்ப்பதுபோல அவனைப் பரிவோடு பார்த்தார்.

"என்ன தோத்தோ சொல்ற, அந்த இருநூத்து நாப்பது பேரும் காலைல ஏழு மணிக்கே வந்து, ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டு, மூட்டைய வாங்கிட்டுப் போயிட்டாங்களே!"